ஐம்பதில் நின்ற முள்

கடைப் பலகையில் 'வேகமானி பழுது பார்க்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. அப்படி யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. எல்லோருக்கும் நான் மீட்டர்காரன். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லும் அந்த வட்டக் கருவியைக் கழற்றி, துடைத்து, சரிபார்த்துத் திரும்ப மாட்டுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ள ஒரு பூதக்கண்ணாடி. அவ்வளவுதான் கடை. யாராவது வந்து அவசரப்படுத்தினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'பதறின காரியம் சிதறும், போய் டீ குடிச்சிட்டு வா' என்று விரட்டுவேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய இந்த வாயை இப்போது எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பழைய மாதிரி வண்டிகளில் மீட்டர் முள்ளுக்குப் பின்னால் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். வண்டி ஓட ஓட உள்ளே ஒரு காந்தம் சுற்றி முள்ளை முன்னால் தள்ளும். ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுக்கும். இரண்டும் எங்கே சமாதானம் ஆகிறதோ அங்கே முள் நிற்கும். அந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தடித்ததைப் போட்டால் முள் சோம்பேறியாகிவிடும். வண்டி எண்பத்தைந்தில் பறக்கும், முள் அறுபதில் உட்கார்ந்துகொண்டு ஊரை ஏமாற்றும். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் தனி. அவை பாட்டுக்குச் சரியாக ஓடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இதை நான் ஒரு வண்டிக்குச் செய்து கொடுத்தேன். நீல வேனுக்கு.

அந்த வேனின் முதலாளியிடம் இரண்டு வண்டிகள், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல் கம்பெனிக்கு ஊரிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றிப்போய், மாலையில் இறக்கிவிடுவது அவர் ஒப்பந்தம். நீல வண்டியின் டிரைவரை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டாலே ஓட்டுகிற லட்சணம் புரிந்துவிடும். பெண்கள் கம்பெனியில் அழுதிருக்கிறார்கள். கம்பெனி உடனே இரண்டு வண்டியிலும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியது: முள் அறுபதைத் தாண்டினால் இந்த எண்ணுக்குப் போன் செய்யவும். ஒரே மாதத்தில் ஏழு புகார். ஒப்பந்தம் போய்விடும் என்ற நிலையில் முதலாளி என் கடையில் வந்து நின்றார்.

"இவன மெதுவா ஓட்டச் சொன்னா ஷிஃப்டுக்கு லேட் ஆகுது. லேட் ஆனாலும் திட்டு, வேகமாப் போனாலும் திட்டு. நீதான்பா ஏதாவது பண்ணணும்."

நான் என்ன மூளையில்லாதவனா? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கைக்கு ஒரு கர்வம் உண்டு. 'அதெல்லாம் உன்னால முடியுமா?' என்று அவர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், அதில் விழுந்தேன். ராத்திரி வீட்டுக்குப் போவதற்குள் முடித்துக் கொடுத்தேன். உண்மையான வேகம் ராக்கெட்டுக்குத் தெரியும், தெரிந்தவன் கையில்தானே வண்டி இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு புகாரும் வரவில்லை. பெண்கள் முள்ளைப் பார்த்தார்கள், நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இது நடந்து நாலு மாதம் கழித்து என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. பத்து வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஐம்பதைத் தாண்டினால் ஆட்டம் காணும் லாரி அது. ஊரில் அவருக்கு நத்தை என்று பெயர். மாப்பிள்ளையின் வண்டியில் கல்யாணத்துக்குக் கிளம்பினால் அந்தத் தம்பதியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடும்போதுதான் போய்ச் சேருவோம் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "போய்ச் சேர்றோம்ல மச்சான், அது போதும்" என்பார். பலகையில் ஐம்பது என்று போட்டிருந்தால் முள்ளை ஐம்பதில் வைத்துக்கொண்டு போவார். ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்க மாட்டார். தங்கைக்குத் தலைப்பிரசவ வலி வந்தபோதுகூட வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தார்.

அவரை வேன் முதலாளியிடம் நான்தான் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வெள்ளை வண்டியை மட்டும்தான் கொடுக்கவேண்டும். "அதுக்கென்ன, உன் மாப்பிள்ளைக்கு நீலத்தக் கொடுப்பேனா?" என்று முதலாளி கண்ணைச் சிமிட்டினார். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அன்றைக்கு விடியும்போதே மழை. ஏழு மணிக்குக் கடையைத் திறந்து விளக்கைப் போட்டிருப்பேன், வெள்ளை வேன் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ராக்கெட் இறங்கினான்.

"அண்ணே, மீட்டர் கேபிள் அறுந்து போச்சு. முள்ளு அசையவே மாட்டேங்குது."

"சரி, உள்ள கொண்டா" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைத் தேடினேன். தேடிக்கொண்டே இருக்கும்போதுதான் உறைத்தது. இவன் வெள்ளை வண்டியில் வந்திருக்கிறான்.

"மாப்பிள்ளை எங்க?"

ராக்கெட் என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்தான். "மீட்டர் ஓடாத வண்டிய எடுக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாருண்ணே. எவ்வளவுல போறோம்னே தெரியாம பதினோரு பேர் உசுர எப்படி ஏத்துறதுன்னாரு. முதலாளி என்கிட்டேருந்து நீல வண்டி சாவிய வாங்கி அவர் கையில கொடுத்துட்டாரு."

"நீ சொல்லலையா?"

"வாயத் தொறந்தேன். முதலாளி ஒரு முறை முறைச்சாரு. சொன்னா இவரு இதையும் எடுக்க மாட்டாரு, ஷிஃப்டே படுத்துரும்னாரு."

ஊரைத் தாண்டி அரை மணி நேர ஓட்டத்தில் மலை ஏறி, அந்தப் பக்கம் பாதை இறங்கும். இறக்கத்தின் முடிவில் வலப்பக்கமாக ஒரு பெரிய வளைவு, வளைவிலேயே பாலம். வளைவுக்கு முன்னால் ஐம்பது என்று பலகை இருக்கும். ராக்கெட் அந்த வண்டியை ஓட்டியபோது முள்ளை நம்பவில்லை, அங்கே காலை நன்றாக அழுத்திப் பிரேக் போடுவான். மாப்பிள்ளை முள்ளை நம்புவார். ஐம்பது என்று போட்டிருந்தால் ஐம்பதில் வைப்பார். என் மீட்டரில் ஐம்பது என்றால் உண்மையில் எழுபத்தொன்று. இந்த மழையில் எழுபத்தொன்று.

அவருக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன். எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் போட்டேன். தங்கையைக் கூப்பிட்டேன்.

"ஓட்டும்போது எடுக்க மாட்டாருண்ணா, உனக்குத் தெரியாததா? சீட்டுக்கு அடியில போட்டுட்டுத்தான் வண்டியே எடுப்பாரு. என்னண்ணா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்றேன். என் கூடப் பிறந்தவளிடம் சும்மாதான் என்று சொன்னேன்.

முதலாளிக்குப் போட்டேன். "நத்தைதானே ஓட்டுறான், என்ன ஆயிடப் போகுது? நீயே பிரச்சினையக் கிளப்பிவிட்டு என் பொழப்பக் கெடுக்காத" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் வெள்ளை வண்டியில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. கம்பெனியின் புகார் எண். அங்கே சொன்னால் அவர்கள் வண்டியில் இருக்கும் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம். இதைவிட வேறு வழி இல்லை. எண்ணை அழுத்தினேன். ஆனால் பயத்திலும் என் புத்தி எங்கே போனது பாருங்கள்: மீட்டரைப் பற்றி வாயைத் திறக்காமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு பெண் எடுத்தார். "புகார் பிரிவு, சொல்லுங்க."

"உங்க நீல வேன் கண்ணு மண்ணு தெரியாம போகுதுங்க. உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"நீங்க யாரு பேசறது?"

"ரோட்டுல போறவன். என் கண்ணால பாத்தேன்."

"லைன்லயே இருங்க சார். முன் சீட்டுல எங்க பொண்ணு ஒண்ணு உக்காந்திருக்கும், கேட்டுச் சொல்றேன்."

அவர் இன்னொரு போனில் பேசுவது எனக்குக் கேட்டது. "என்னம்மா, வண்டி ரொம்ப வேகமாப் போகுதாமே... முள்ளு எதுல நிக்குது பாரு... நல்லாப் பாத்தியா?... சரி சரி, வெச்சிடு." பிறகு என்னிடம் வந்தார். "சார், முள்ளு சரியா ஐம்பதுல நிக்குதாம். இன்னிக்கு வேற டிரைவராம், அவர் பேர்ல இதுவரைக்கும் ஒரு புகார்கூட இல்ல. நீங்க வேற வண்டியப் பாத்திருப்பீங்க."

போன் வைக்கப்பட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. என் கையால் செய்த பொய் அங்கே போய் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. ராக்கெட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மையச் சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? போலீஸ் வரும். கடை போயிடும். நீயும் மாட்டுவ."

"மாட்டினா மாட்டுறேன். சொல்லுங்கண்ணே."

நான் சொல்லவில்லை. மறுபடி மாப்பிள்ளைக்கு அடித்தேன். கடைக்குள்ளே போனேன், வந்தேன். என் மகளைப் படிக்க வைப்பது, வீட்டு வாடகை, பேப்பரில் என் படம் வருவது, எல்லாம் அந்த நேரத்தில்தான் வரிசை கட்டி வந்தன. நாலு நிமிடம் போனது. வேகத்துக்கும் நேரத்துக்கும் கணக்குப் போடுவது என் தொழில். எழுபத்தொன்றில் போகும் வண்டி நாலு நிமிடத்தில் நாலே முக்கால் கிலோமீட்டர் போய்விடும். அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடி முடிந்தபோதுதான் திரும்ப அந்த எண்ணை அழுத்தினேன்.

"அம்மா, முன்னாடி பேசினவன்தான். நான் மீட்டர் மெக்கானிக். அந்த வண்டி மீட்டர் பொய் சொல்லுதும்மா. நான்தான் மாத்தி வெச்சேன். ஐம்பதுன்னா அது எழுபதுக்கு மேல. டிரைவருக்குத் தெரியாது. வளைவுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பதிலும் எதிர்பார்க்கவில்லை, அவசரமாக இன்னொரு போனை எடுத்தார். அது அடித்துக்கொண்டே இருக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. வேறொரு பெண்ணின் எண்ணைப் போட்டார். அதுவும் அடித்தது. "எடுக்க மாட்டேங்கிறாங்க சார்" என்றார். "ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

ராக்கெட் அதற்குள் வெள்ளை வேனைக் கிளப்பியிருந்தான். நான் பக்கத்தில் ஏறினேன். எனக்கு முன்னால் செத்துப்போன மீட்டர், முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. துடைப்பான் துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் தண்ணீர். நான் "சீக்கிரம் போ" என்றேன். ஒரு லாரி எதிரே வந்தபோது "மெதுவா, மெதுவாப் போடா" என்றேன். அவன் ஸ்டியரிங்கை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். ஜெட் வேகத்தில் போகிறவன், அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

"பயமா இருக்குண்ணே" என்றான். "எவ்வளவுல போறேன்னே தெரியல."

இறக்கத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை, வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் இறங்கி, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்கள். என்ன ஆச்சு என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். மழையில் ஓடினேன், வழுக்கி விழுந்தேன், எழுந்து ஓடினேன்.

நீல வேன் பாலத்துச் சுவரை இடித்து ஒருக்களித்துக் கிடந்தது. முன்பக்கம் இடது பாதி இல்லை. சாலையோரம் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், சிலர் அழுதார்கள், சிலருக்கு அழக்கூடத் தெரியவில்லை. ஒரு செருப்பு, ஒரு சாப்பாட்டுப் பை, எங்கோ ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒருத்தியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தார்கள். முன் சீட்டில் இருந்தவள், சட்டைக்குப் பொத்தான் துளை எடுக்கும் வேலை, இருபத்து மூன்று வயது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். மாப்பிள்ளையை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயை அசைத்தார், கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிற்பகலில் ஆஸ்பத்திரி வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலது கால் இடுப்பு வரைக்கும் கட்டு. தங்கை அந்தப் பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு, அட்டையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். டயர் தேய்ந்த தடத்தை அளந்துவிட்டார்களாம், எழுபதுக்குக் குறையாது என்று அவரே சொன்னார்.

"நான் ஐம்பதத் தாண்டலைங்க" என்றார் மாப்பிள்ளை. குரலே எழும்பவில்லை. "வளைவுல ஒரு லாரி நின்னுச்சு. பிரேக் போட்டேன். ஐம்பதுல போட்டா நிக்கணும், பத்து வருஷமா நின்னிருக்கு. நிக்கல."

"தடம் பொய் சொல்லாதுங்க. நீங்களே ஒத்துக்கிட்டா உங்களுக்கு நல்லது."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், அது நீங்க கை வெச்ச மீட்டர்தானே? ஓரத்துல உங்க கடை முத்திரையப் பாத்துட்டுத்தான் வண்டியவே எடுத்தேன். உங்க மீட்டர் தப்புக் காட்டாது. அப்போ என் கண்ணுதான் தப்பாப் பாத்திருக்கணும். வயசாகுது, மழை வேற." பிறகு போலீஸ்காரரிடம், "எழுதிக்குங்க. நான்தான் வேகமாப் போயிருக்கேன். அந்தப் பொண்ணு என்னாலதான் போச்சு" என்று கையெழுத்துப் போடக் கையை நீட்டினார்.

பேனாவை நான் பிடுங்கினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் நின்று நாலு நிமிடம் பேசாமல் இருந்தேனே, அந்த நாக்கு இங்கேயும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிய்த்துத்தான் எடுத்தேன்.

"கையெழுத்துப் போடாதீங்க மாப்ள. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. அந்த மீட்டர நான்தான் மாத்தினேன். குறைச்சுக் காட்டும். முதலாளி கேட்டாரு, நான் செஞ்சு கொடுத்தேன்."

தங்கை முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "காலையில நீ போன் பண்ணப்பவே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"சும்மாதான்னியே அண்ணா."

அவள் எழுந்து வந்து என் நாற்காலியை மாப்பிள்ளையின் கட்டிலிலிருந்து தள்ளி வைத்தாள். என்னை அடித்திருக்கலாம், நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். நாற்காலியைத்தான் தள்ளி வைத்தாள். போலீஸ்காரர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளை அட்டையில் மாட்டினார்.

மாப்பிள்ளை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்குத் திட்டத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

"ஐம்பதுன்னு காட்டினப்போ நிஜமா எவ்வளவு மச்சான்?"

"எழுபத்தொண்ணு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"அந்தப் பொண்ணு வண்டி ஏறினதுலேருந்து சொல்லிட்டே வந்துச்சு" என்றார். "வேகமாப் போற மாதிரி இருக்குண்ணே, பயமா இருக்குண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணேன்னு. மலை ஏறுறதுக்குள்ள நாலு தடவ சொல்லியிருக்கும். நான்தான் சிரிச்சேன். என்னைப் போய் வேகம்ங்கிறியேம்மா, சந்தேகம்னா முள்ளப் பாரும்மான்னேன். அது எட்டிப் பாத்துச்சு. பாத்துட்டு, மன்னிச்சுக்குங்கண்ணேன்னு சொல்லிட்டு சாஞ்சு உக்காந்துச்சு."

முகத்தைத் தங்கை இருந்த பக்கம் திருப்பிக்கொண்டார். போலீஸ்காரர் என்னிடம் பெயர், அப்பா பெயர், தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.